நீலாம்பாளும் சீயக்காய் முள்ளும்

உங்கள் தெருவில் ஒருவருக்குப் பெருநோய், அதாவது தொழுநோய், என்று பேச்சு எழுந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? அவர் அருகில் போய் உட்கார்ந்து, கையை நீட்டச் சொல்லி, தொட்டால் தெரிகிறதா என்று கேட்பீர்களா? அல்லது அவர் தண்ணீர் குடித்த குவளை எது என்று தேடி உடைப்பீர்களா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். ரங்கூனில் ஒரு கூலி விடுதி முழுவதும் இந்தக் கேள்விக்குத் தவறான பதிலைச் சொன்னது. அவர்களும் உங்களையும் என்னையும் போல நல்லவர்கள்தான்.

நீலாம்பாள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கணவன் அய்யாசாமியோடு கப்பலேறி வந்தவள். அய்யாசாமிக்கு ஆற்றங்கரைத் துறையில் அரிசி மூட்டை தூக்கும் வேலை. இருவரும் ரெங்கசாமி மேஸ்திரியின் விடுதியில், சாக்குப் படுதா கட்டிய ஒரு மூலையில் குடியிருந்தார்கள். செல்லக்கண்ணு என்ற பெண் குழந்தை அங்கேதான் பிறந்தது. குழந்தை தவழத் தொடங்கிய மழைக்காலத்தில்தான் இதெல்லாம் நடந்தது. 1926ஆம் வருஷம்.

நீலாம்பாள் வேலை செய்தது கடைத்தெருவில் ஹாஜராவின் பச்சிலைக் கடையில். ஹாஜராவின் தகப்பனார் நாகூர்க்காரர், தாய் பர்மியப் பெண். கணவன் இறந்த பிறகு கடையைத் தானே நடத்தினாள். தலையில் பூவும் வாயில் சுருட்டுமாக உட்கார்ந்திருப்பாள். தமிழர்களும் அவளை பர்மிய மரியாதையோடு 'டோ ஹாஜரா' என்றுதான் அழைத்தார்கள். அவளுடைய கடைக்குப் பெகு மலைக்காடுகளிலிருந்து கட்டுக்கட்டாகச் சீயக்காய்க் கொடி வரும்.

சீயக்காயை நாம் பொடியாகவே அறிவோம். கொடியைப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. பெரிய மரத்தையும் ஏறி மூடிவிடும் முரட்டுக் கொடி அது. தண்டிலும் இலைக் காம்பிலும் பூனை நகம் போன்ற முட்கள். பர்மியர் அதைக் கின்பூன் என்பார்கள். காயை ஊறவைத்துத் தலை முழுகுவார்கள், இளந்தளிரைப் புளிப்புக் குழம்பில் போடுவார்கள். கிழக்கே லாவோஸ் நாட்டில் இலையையும் காயையும் காய்ச்சலுக்கும் வயிற்றுக்கும் கஷாயம் வைக்கிறார்களாம். காய் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தீட்டுக் கழிக்கிறார்களாம். எல்லா நாட்டுக்காரரும் அது தங்கள் ஊர்க் கொடி என்றே நினைக்கிறார்கள். கொடி யாரையும் கேட்டுக்கொண்டு படரவில்லை. அதன் காயால் தீட்டைக் கழுவலாம் என்று நம்புகிற உலகம், அந்தக் கொடியை உருவிய கையையே தீட்டு என்று ஒதுக்கியது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தளிரையும் இலையையும் தண்டிலிருந்து உருவி எடுப்பதுதான் நீலாம்பாளின் வேலை. முட்கள் அடியைப் பார்த்து வளைந்திருக்கும். நுனியைப் பிடித்து அடி நோக்கி ஒரே இழுப்பில் உருவினால் முள் படுத்துக்கொள்ளும். கை தயங்கினாலோ எதிர்ப்பக்கம் போனாலோ கிழித்துவிடும். முதல் சில மாதங்கள் அவள் கை கிழிந்தது, ஆறியது, மறுபடி கிழிந்தது. பிறகு விரல் நுனிகளும் உள்ளங்கையும் செருப்புத் தோலைப் போலக் காய்த்துப்போயின. கடையில் ஹாஜராவின் சுருட்டு அணைந்தால் அடுப்பிலிருந்து ஒரு கங்கை விரலால் எடுத்துப் பற்றவைத்துத் தருவாள். அதை இருவரும் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

அந்த வருஷ மழையில் விடுதியின் சுவரெல்லாம் ஓதம் பூத்தது. காயப்போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாக இருந்தது. நீலாம்பாளின் வலது முழங்கையின் கீழ் வெளிறிய படைகள் சில தோன்றின. தேமல் என்று விட்டுவிட்டாள். மற்றவர்களும் பார்த்தார்கள், தேமல் என்றே நினைத்தார்கள். அவர்கள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

ஒரு மாலை சமையல் நேரம். விடுதிப் பெண்கள் தாழ்வாரத்தில் வரிசையாக அடுப்பு மூட்டியிருந்தார்கள். மேஸ்திரி வந்து சுருட்டுக்கு நெருப்புக் கேட்டார். இடுக்கி எங்கோ கிடந்தது. நீலாம்பாள் கடைப் பழக்கத்தில் ஒரு கங்கை இரண்டு விரலால் எடுத்து, சுருட்டின் நுனியில் வைத்துப் பிடித்தாள். மேஸ்திரி ஓர் இழுப்பு இழுத்தார். பிறகு இழுக்கவில்லை.

"சுடலையா உனக்கு?"

"பழகிப்போச்சுண்ணே."

மேஸ்திரியின் கண் விரலிலிருந்து முழங்கைக்குப் போயிற்று. சுருட்டை அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே போனார்.

ரெங்கசாமி மேஸ்திரியை ஒரு கொடியவராகச் சித்திரித்துவிட்டால் எழுதுகிறவருக்கு வேலை சுலபம். ஆனால் அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. ஊரில் அவருடைய மூத்த அண்ணன் பெருநோய்க்காரர். ஒரு நாள் குளிர்காய உட்கார்ந்தவர், தன் கை வேகிறது என்பதை நாற்றம் வந்த பிறகுதான் அறிந்தார். சின்ன வயதில் அதை நேரில் பார்த்தவர் மேஸ்திரி. வெளிறிய படை, சுடாத விரல் இரண்டையும் ஒரே உடம்பில் கண்டதும் அண்ணனைத்தான் கண்டார். பயந்தது தவறில்லை. பயந்ததை விசாரிக்காமல் தீர்ப்பாக்கியதுதான் தவறு.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. நீலாம்பாள் விடுதிக்குள் வரக்கூடாது. அடுத்த கப்பலில் அவளை ஊருக்கு அனுப்பிவிடுவது. பால் வழியாக நோய் ஏறும் என்பதால் குழந்தை அவளிடம் இருக்கக்கூடாது. கப்பலிலும் அவளோடு போகக்கூடாது. மேஸ்திரியின் மனைவி கனகாம்பாள் குழந்தையை எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. தகர டப்பாப் பாலைக் கரைத்துச் சங்கில் ஊட்டப் பார்த்தாள், குழந்தை துப்பியது.

விடுதியில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. முள்கொடியில் பர்மியரின் நாட் தேவதை குடியிருக்கிறது, அதைத் தினம் அறுத்தவளைச் சும்மா விடுமா என்றார் ஒருவர். போன பிறவிப் பாவம் என்றார் சத்திரத்தில் நாலு எழுத்துப் படித்த இன்னொருவர். தேவதை, பாவம், சாபம் என்று ஆகாயம் வரை போய்த் தேடினார்கள். ஒரு முழ தூரத்தில் இருந்த கையைப் பார்க்க யாரும் வரவில்லை.

அய்யாசாமி என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. மேஸ்திரி பேர் சொன்னால்தான் துறையில் வேலை. அவன் தலையைக் குனிந்துகொண்டு மூட்டை தூக்கப் போனான்.

நீலாம்பாள் ஹாஜராவின் கடைக்குப் பின்னால் சரக்குக் கிட்டங்கியில் படுத்தாள். பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. பிழிந்து சுவரடியில் ஊற்றிவிட்டு, வேலைக்கு நடுவே விடுதியின் வேலியோரம் போய் நிற்பாள். குழந்தை அழுதால் துடிப்பாள். அழுகை கேட்காவிட்டால் அதைவிடத் துடிப்பாள்.

ஹாஜரா அவளைச் சம்பான் படகில் ஏற்றி ஆற்றைக் கடந்து டாலாவுக்கு அழைத்துப் போனாள். அங்கே பர்கத்துல்லா என்ற டாக்டர் ஒரு சின்ன வைத்தியசாலை வைத்திருந்தார். அவர் நீலாம்பாளின் கையைத் தயங்காமல் பிடித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு, ஹாஜராவைத் தவிர வேறொரு மனித விரல் தன் மேல் பட்டதில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் படைகளைச் சுரண்டிப் பார்த்தார், காதுமடலைத் தடவினார், முழங்கையின் பின்னால் நரம்பை அழுத்தினார், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். மழையில் வரும் தேமல் என்று சொல்லி, கந்தகக் களிம்பு எடுத்துக் கொடுத்தார்.

"பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா, சயா?" என்றாள் நீலாம்பாள். மருத்துவரை பர்மியர் அழைப்பது போல அழைத்தாள்.

"இதைக் கேட்க இவ்வளவு நேரமா? போய்க் கொடும்மா."

ஆனால் மேஸ்திரி ஒப்பவில்லை. அண்ணனுக்கும் முதலில் ஒரு வைத்தியர் தேமல் என்றுதான் சொன்னாராம். ஆற்றுக்கு அக்கரையில், மூடிய அறையில், யாரோ தொட்டுப் பார்த்தது இக்கரையில் செல்லாது என்றார். இந்த ஒரு விஷயத்தில் மேஸ்திரி பக்கம் நியாயம் உண்டு என்றே சொல்வேன். எதையும் கண்ணால் கண்டு ஒப்புக்கொள்வதுதான் சரி. அப்படியானால் கண்ணாலேயே காட்டிவிடுவோம் என்று ஹாஜரா டாக்டரைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மழை சற்று விட்டிருந்தது.

விடுதியின் முற்றத்தில் எல்லோரும் தள்ளித்தள்ளி நின்றார்கள். தாழ்வாரத்தில் கனகாம்பாள், இடுப்பில் குழந்தை. நடுவே ஒரு மணையில் நீலாம்பாள். துண்டால் அவள் கண்ணைக் கட்டினார்கள். டாக்டர் பையிலிருந்து ஊசியை எடுத்தார். உடனே மேஸ்திரி மறித்தார். உங்கள் ஊசி எனக்கு வேண்டாம் என்றார்.

"முள்ளு போதுமா உமக்கு?" என்றாள் ஹாஜரா. "எந்த முள்ளால இந்த வம்பு வந்துச்சோ அந்த முள்ளே சாட்சி சொல்லட்டும். உம்ம கையாலயே ஒடிச்சுக்கும்."

கடையிலிருந்து ஒரு கொடித்துண்டைக் கொண்டு வந்து நீட்டினாள். மேஸ்திரி முள் ஒடிக்கத் தெரியாமல் அடியிலிருந்து நுனிக்குக் கையை ஓட்டி, கட்டைவிரலில் ரத்தம் வரக் கிழித்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ சிரித்ததும் முறைத்தார். டாக்டர் முறையை விளக்கினார்: படையின் மேல் முள் நுனியை மெல்ல வைக்க வேண்டும், நீலாம்பாள் மற்றக் கையால் அந்த இடத்தைச் சரியாகக் காட்ட வேண்டும். பெருநோய்ப் படை என்றால் முள் பட்டது அவளுக்குத் தெரியாது.

முதல் தடவை டாக்டர் வைத்தார். அவள் காட்டினாள். இரண்டாம் தடவையும் காட்டினாள். தற்செயல் என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அப்போது நீலாம்பாள் கண்ணைக் கட்டியபடியே பேசினாள். "மேஸ்திரிண்ணே, நீங்களே குத்துங்க. உங்க இஷ்டம் எங்கயோ அங்க."

மேஸ்திரி வந்து குனிந்தார். படையின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போல முள்ளை வைத்தார். அவள் விரல் அங்கேயே வந்து நின்றது. இன்னொரு படையில் வைத்தார். அங்கேயும் வந்தது. பிறகு அவர் ஒரு தந்திரம் செய்தார். முள்ளை உயரத்திலேயே பிடித்துக்கொண்டு, "இப்ப?" என்றார்.

"நீங்க இன்னும் குத்தவே இல்லையேண்ணே."

முற்றத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரியின் முகம் தளர்ந்தது. ஆனால் தன் பயத்தின் கடைசி முடிச்சை அவர் விடவில்லை. அன்றைக்குத் தான் கண்ட இரண்டு விரல்களையும் பிடித்து, நுனியில் முள்ளை வைத்து அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். நீலாம்பாள் அசையவில்லை. எப்போது குத்துவார் என்று முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள்.

தாழ்வாரத்தில் கனகாம்பாள் குழந்தையோடு ஓரடி பின்வாங்கினாள். தாங்கள் சொன்னது சரிதான் என்று கூட்டம் கலையத் தொடங்கிவிட்டது. டாக்டர் அது காய்ப்பு, தோல் தடித்தது என்று உரக்கச் சொன்னார். கேட்க ஆளில்லை. மறுபடி அண்ணனின் கை மேஸ்திரியின் கண்முன் வந்து நின்றிருக்க வேண்டும். அவர் முள்ளைக் கீழே போட்டார்.

அந்த முள்ளை எடுத்தவன் அய்யாசாமி. இத்தனை நாளும் வாய் திறக்காதவன் சட்டையைக் கழற்றினான். மூட்டை சுமப்பவர்களுக்குத் தோளும் பிடரியும் சேரும் இடத்தில் ஒரு திமில் காய்த்திருக்கும். துறையில் அது இல்லாத ஆளே கிடையாது. புதிதாக வந்தவனுக்கு அது எப்போது வரும் என்று கேலி செய்வார்கள்; வந்தபிறகு மூட்டை உறுத்தாது. அய்யாசாமி எல்லோரும் பார்க்க முள்ளை அந்தத் திமிலில் வைத்து, அடிவரை அழுத்தினான்.

"எனக்கும் வலிக்கல. என்னையும் அதே கப்பல்ல அனுப்புங்க."

அவன் முள்ளைப் பிடுங்கி மேஸ்திரியிடம் நீட்டினான்.

"நீங்களும் மூட்டை தூக்கினவருதானே. குத்திப் பாத்துக்குங்க."

மேஸ்திரி முள்ளை வாங்கவில்லை. ஆனால் அவர் கை தானாகத் தன் பிடரிக்குப் போயிற்று. பழைய திமிலை விரலால் தேடினார். நகத்தால் கிள்ளினார். பிறகு பலமாகக் கிள்ளினார். அவருடைய முகத்தில் ஓர் ஆச்சரியம் மெல்லப் பரவியதை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குள் பக்கத்தில் இருந்தவன் பக்கத்தில் இருந்தவனைக் குத்தத் தொடங்கிவிட்டான். கொடித்துண்டு கைமாறியது. தோள்கள், உள்ளங்கைகள், குதிகால்கள். ஒருவனுக்கும் தெரியவில்லை. இன்னொருவனுக்குக் காய்ப்பைத் தவறி முதுகில் குத்திவிட, அவன் துள்ளிக் குதித்தான். மூட்டையே தூக்காத நாலெழுத்துப் படித்தவருக்கு மட்டும் எங்கே குத்தினாலும் வலித்தது.

"பாத்தீங்களா, விடுதியிலயே நோயில்லாத ஆளு இவரு ஒருத்தருதான்" என்றாள் ஹாஜரா.

முற்றம் சிரித்தது. அத்தனை நாள் நெஞ்சில் அடைத்திருந்தது சிரிப்பாக வெளியே வந்தது. கண்ணைக் கட்டியிருந்த நீலாம்பாளுக்கு மட்டும் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பயத்தோடு கேட்டாள். அய்யாசாமி துண்டை அவிழ்த்துவிட்டான்.

அவள் கண்ணைத் திறந்தபோது எதிரே கனகாம்பாள் நின்றிருந்தாள். அந்தப் பெண்ணுக்கும் அது எளிதான காரியமில்லை. அத்தனை நாள் ராவும் பகலும் குழந்தையைத் தூக்கிச் சுமந்தவள். குழந்தையை நீலாம்பாளின் மடியில் வைத்தாள். குழந்தை அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேரே மார்பைத் தேடியது. பால் வற்றியிருக்குமோ என்று நீலாம்பாள் பயந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு குழந்தையின் தொண்டையில் விழுங்கும் சத்தம் கேட்டது.

"குடிக்குதுக்கா" என்றாள் கனகாம்பாளைப் பார்த்து. கனகாம்பாள் அருகிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இங்கே முடித்துவிட்டால் நிம்மதியாக எழுந்து போகலாம். ஆனால் உங்களை ஒரு கேள்வியோடு அனுப்புவதே என் எண்ணம். உண்மையாகவே அது பெருநோயாக இருந்திருந்தால்? அப்போது மட்டும் வேலியோரம் நிற்க வைத்தது நியாயமாகியிருக்குமா? மேஸ்திரியும் போகிற போக்கில் டாக்டரிடம் இதைத்தான் கேட்டார். நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றுகிறோம், சீக்கிரம் வந்தால் பலருக்குக் குணம் தெரிகிறது, ஒளித்து வைத்தால்தான் விரல் போகும் என்றார் டாக்டர். பயந்து துரத்தினால் நோயாளி ஒளியத்தானே செய்வான்? மேஸ்திரி தன் அண்ணனை வீட்டுக்கு வெளியே மாட்டுக்கொட்டகையில் வைத்திருந்ததைச் சொன்னார். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லையாம்.

மழை முடிவதற்குள் தேமல் களிம்பில் மறைந்தது. நீலாம்பாள் அதே கடையில் அதே கொடியைத்தான் உருவினாள். அடுத்த சித்திரையில் பர்மியரின் தண்ணீர்த் திருவிழா வந்தது. அந்த நாளில் இளையவர்கள் பெரியவர்களை உட்காரவைத்து, கின்பூன் காயும் தயோ மரப்பட்டையும் ஊறிய தண்ணீரால் தலை கழுவிவிடுவது வழக்கம். ஹாஜரா கடை வாசலில் பெரிய பானையை வைத்து, தெருவிலுள்ள வயதானவர்களுக்கெல்லாம் தலை கழுவிவிடும்படி நீலாம்பாளிடம் சொன்னாள். பர்மியக் கிழவர்களும் சோலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களும் வரிசையில் இருந்தார்கள். வரிசையின் கடைசியில் ரெங்கசாமி மேஸ்திரி வந்து நின்றார். அவருடைய முறை வந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவள் முன்னால் உட்கார்ந்து, குனிந்து தலையைக் கொடுத்தார்.

"கண்ணுல பட்டுடாம பாத்துக்கம்மா" என்றார்.

காய்த்த அந்த விரல்கள் அவருடைய நரைமுடிக்குள் நுழைந்து நுரை கிளப்பின. அவர் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தார்.

உங்கள் விடுதியிலோ தெருவிலோ இன்றைக்கும் யாராவது ஒருவர் தனிக் குவளையோடு, தனித் தட்டோடு ஒதுக்கப்பட்டிருப்பார். இந்தத் தாளை மடித்து வைத்ததும் எழுந்து அவரிடம் போங்கள். பக்கத்தில் உட்காருங்கள். கையைப் பிடித்துப் பாருங்கள். வைத்தியரிடம் போகத் துணை வேண்டுமானால், நீங்களே போங்கள்.